கூலிக்கு ஜாமீன்

வீட்டில் ஒருவரைப் போலீஸார் கைது செய்துவிட்டால் குடும்பமே கலங்கிப் போகிறது. "எப்படியாவது ஜாமீனில் எடுத்துவிடுங்கள்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எல்லாரும் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிடுகிறார். ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்கிறார். சொத்துக்கான பத்திரமும் கேட்கிறார்.

ஏழைக் குடும்பம் சொத்துள்ள ஆளுக்கு எங்கே போகும்? அந்த நேரத்தில் ஒரு தரகர் பக்கத்தில் வருகிறார். "கவலைப்படாதீர்கள். ஆள் என்னிடம் இருக்கிறது. பணம் மட்டும் கொடுங்கள்" என்கிறார்.

அவரை நம்பலாமா? நம்பினால் என்ன ஆகும்? நம்பாவிட்டால் வேறு வழி உண்டா? இவற்றை நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாமீன் என்றால் என்ன?

கைதான ஒருவர் குற்றவாளி என்று உடனே சொல்லிவிட முடியாது. வழக்கு நடக்க வேண்டும். சாட்சிகளை விசாரிக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். வருடங்களும் ஆகலாம். அதுவரை அவரை வெளியே விட்டு, "கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வர வேண்டும்" என்று உறுதி வாங்குகிறார்கள். இதுதான் ஜாமீன். தமிழில் பிணை என்றும் சொல்வார்கள்.

குற்றங்களைச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஜாமீன் பெறுவது நமது உரிமை. போலீஸ் நிலையத்திலேயே ஜாமீன் கேட்கலாம். இரண்டாவது வகை கடுமையான குற்றங்கள். இவற்றில் ஜாமீன் கொடுக்கலாமா, கூடாதா என்பதைப் பெரும்பாலும் நீதிபதிதான் முடிவு செய்வார்.

ஜாமீன்தார் யார்?

கைதானவருக்காக உறுதி கொடுப்பவரே ஜாமீன்தார். "இவர் ஓடிப்போக மாட்டார். ஓடிப்போனால் இவ்வளவு ரூபாய் நான் கட்டுகிறேன்" என்று அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

10,000 ரூபாய்க்கு ஜாமீன் என்று கோர்ட் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை அன்றைக்கே கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜாமீன் பத்திரம் எழுதினால், அப்போது பணம் கட்ட வேண்டியதில்லை. கைதானவர் ஒழுங்காக வந்து போனால் ஜாமீன்தாரின் கையிலிருந்து ஒரு காசும் போகாது. அவர் வராமல் போனால்தான் பணம் கட்ட வேண்டி வரும்.

அதனால்தான் கைதானவரை நன்றாகத் தெரிந்தவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அண்ணன், மாமன், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்த முதலாளி போன்றவர்கள் நிற்பது நல்லது. அவர்களுக்கு அவரைத் தெரியும். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வரவும் முடியும்.

மோசடி எப்படி நடக்கிறது?

கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். கைதானவர் யார் என்றே இவர்களுக்குத் தெரியாது. காலையில் ஒருவருக்கு நிற்பார்கள். மாலையில் வேறொருவருக்கு நிற்பார்கள். ஒரு கோர்ட்டில் ஒரு பெயர். அடுத்த கோர்ட்டில் இன்னொரு பெயர்.

இவர்கள் காட்டும் பத்திரங்களும் பல நேரங்களில் பொய்யானவை. அடையாள அட்டையில் வேறொருவரின் பெயர் இருக்கும். படம் மட்டும் இவருடையதாக இருக்கும். வரி கட்டிய ரசீது, நிலத்தின் பத்திரம், சொத்து மதிப்புச் சான்றிதழ் எல்லாம் போலியாகத் தயாராகும். தாசில்தாரின் முத்திரையைக்கூடச் செய்து வைத்திருப்பார்கள். பெங்களூரு, மும்பை போன்ற பெரிய நகரங்களில் இப்படிப்பட்ட கூட்டங்களைப் போலீஸார் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

இதில் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம், பணம் கொடுத்த குடும்பத்துக்கு. ஜாமீன்தார் போலி என்று தெரிந்தால் கோர்ட் சும்மா இருக்காது. வெளியே வந்தவரைப் பிடித்து வர வாரண்டு போடலாம். வேறு நல்ல ஜாமீன்தாரைக் கொண்டு வரச் சொல்லும். கொண்டு வர முடியாவிட்டால் அவர் மறுபடியும் சிறைக்குப் போக வேண்டும். தரகரிடம் கொடுத்த பணமும் போய்விடும். "நீங்களும் சேர்ந்துதான் ஏமாற்றினீர்கள்" என்று குடும்பத்தின் மேல் புதிய வழக்கு வந்தாலும் வரலாம்.

இரண்டாவது நஷ்டம், எங்கோ இருக்கும் ஒரு விவசாயிக்கு. அவருடைய நிலப் பத்திரத்தின் நகல் எப்படியோ தரகரின் கைக்குப் போயிருக்கும். ஒரு நாள் அவருக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வரும். "நீ ஜாமீன் நின்ற ஆள் ஓடிவிட்டான். பணத்தைக் கட்டு" என்று அதில் இருக்கும். அந்த ஆளின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாவது நஷ்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு. கைதானவர் ஓடிப்போனால் வழக்கு நின்றுபோகலாம். ஜாமீன்தாரைத் தேடினால் அந்த விலாசத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான்காவது நஷ்டம் நம் எல்லாருக்கும். போலிகள் பெருகினால் கோர்ட்டுகளுக்குச் சந்தேகம் வரும். உண்மையான ஜாமீன்தாரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இன்னும் அதிகமாகப் பத்திரம் கேட்பார்கள். சரி பார்க்கப் பல நாள் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை ஏழை சிறையிலேயே இருக்க வேண்டும். கடைசியில் அவர் குடும்பமும் தரகரிடமே போகும்.

பாருங்கள், இது ஒரு சக்கரம்போலச் சுற்றுகிறது. போலி பெருகினால் கெடுபிடி கூடுகிறது. கெடுபிடி கூடினால் தரகருக்கு வியாபாரம் பெருகுகிறது.

ஒரு கொத்தனாரின் கதை

மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்று ஒரு கொத்தனார் இருந்தார். ஒரு வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு ரூபாய்க்கு ஜாமீன் என்பதைக் கீழ்க் கோர்ட் முடிவு செய்ய வேண்டும்.

கீழ்க் கோர்ட் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அந்தக் காலத்தில் ஒரு கொத்தனாருக்கு அது மலைபோன்ற தொகை. அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தார். கோர்ட் அதையும் ஏற்கவில்லை. சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததுதான் காரணம்.

மோதி ராம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1978-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. நீதிபதி கிருஷ்ண ஐயர் அதை எழுதினார். ஏழையால் கொடுக்க முடியாத தொகையைக் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னார். வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரைத் தள்ளக் கூடாது என்றும் சொன்னார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு மோதி ராமை விடும்படி உத்தரவு போட்டது.

சொந்த ஜாமீன் என்றால், கைதானவர் தாமே எழுதிக் கொடுக்கும் உறுதி. இதற்கு வேறு ஆள் வேண்டாம்.

அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார் சிறைகளைப் பற்றிய வழக்கு வந்தது. ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். ஜாமீன் கொடுக்க வழியில்லாத ஏழைகள் விசாரணையே முடியாமல் வருடக் கணக்கில் சிறையில் கிடந்தார்கள். குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் இருந்தவர்களும் உண்டு. ஒருவருக்கு ஊரில் வீடு, குடும்பம், வேலை என்று வேர் இருந்தால் அவர் ஓடமாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்டவரைச் சொந்த ஜாமீனில் விடலாம் என்றும் சொன்னது.

ஆனாலும் நிலைமை முழுதும் மாறவில்லை. 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். அதாவது, நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களும் இவர்களில் உண்டு. தரகரின் வியாபாரம் இங்கேதான் பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோசடியைத் தடுக்க ஏற்கெனவே சில சட்டங்கள் உள்ளன. 2005-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். அது 2006 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஜாமீன் நிற்பவர் தாம் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றச் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்தன. ஒன்றின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஜாமீன்தார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இதில் 486-ஆம் பிரிவில் இருக்கிறது. இன்னொன்றின் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா. வேறொருவரின் பெயரில் ஜாமீன் நின்றால், இதன் 242-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அரசு அடையாள அட்டையையோ அதிகாரியின் சான்றிதழையோ போலியாகச் செய்தால் 7 ஆண்டு வரை சிறை.

தண்டனை இருந்தும் மோசடி ஏன் நிற்கவில்லை? ஜாமீன்தார் எழுதிக் கொடுப்பதைச் சரி பார்க்க வேண்டும். அதே ஆள் பக்கத்து மாவட்டத்தில் பத்து பேருக்கு நின்றிருந்தால், அது இந்தக் கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். தெரிய வழி இல்லாத இடத்தில் போலிகள் தப்பிவிடுகிறார்கள்.

புதிய சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

ஜாமீனுக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்ற யோசனை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு இந்தியச் சட்ட ஆணையம் தன் 268-ஆவது அறிக்கையில் ஜாமீன் விதிகளைச் சீர்திருத்த வேண்டும் என்று சொன்னது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஜாமீனுக்குத் தனிச் சட்டம் கொண்டு வருவதைப் பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்று சொன்னது.

அந்தத் தீர்ப்பு இங்கிலாந்து நாட்டின் சட்டத்தையும் எடுத்துச் சொன்னது. அங்கே 1976-ஆம் ஆண்டே ஜாமீனுக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். "நீ ஜாமீன் நில். உனக்கு நஷ்டம் வந்தால் நான் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் பேரம் பேசினால் அந்த நாட்டில் அது குற்றம். பேரம் பேசியவரும் குற்றவாளி. ஒப்புக்கொண்ட ஜாமீன்தாரும் குற்றவாளி. ஏன் தெரியுமா? நஷ்டத்துக்குப் பயம் இல்லாத ஜாமீன்தார் கைதானவரைக் கவனிக்க மாட்டார். பிறகு அந்த ஜாமீனுக்கு அர்த்தமே இல்லை.

நம் நாட்டிலும் தனிச் சட்டம் வந்தால் இப்படி ஒரு விதி தேவை. எல்லாக் கோர்ட்டுகளும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடும் தேவை. ஒரு ஜாமீன்தாரின் பெயரைத் தட்டினால் அவர் எத்தனை வழக்கில் நிற்கிறார் என்பது உடனே தெரிய வேண்டும்.

ஆனால் அது மட்டும் போதாது. எலி வளைக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்றை மட்டும் அடைத்தால் எலி இன்னொன்றின் வழியாகப் போய்விடும். போலி ஜாமீன்தாரைத் தண்டிப்பது ஒரு வாயை அடைப்பது. ஏழைக்கு நேர்மையான வழியில் ஜாமீன் கிடைக்கச் செய்வது மற்ற வாயை அடைப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் சட்டமே நல்ல சட்டம். தண்டனையை மட்டும் கூட்டினால் தரகர் தன் கூலியைக் கூட்டிக்கொள்வார். அவ்வளவுதான்.

தரகர் இல்லாமல் என்ன செய்யலாம்?

நேர்மையான வழிகள் இன்றைக்கே இருக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாமீன் உரிமையாக உள்ள குற்றமா? அப்படியானால் ஏழையைச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஒருவரால் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், அவரை ஏழை என்றே கொள்ள வேண்டும். சட்டத்தின் 478-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

கேட்கும் தொகை அதிகமா? குறைக்கும்படி மனுப் போடலாம். ஜாமீன் தொகை மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

உள்ளூர் ஜாமீன்தார் கிடைக்கவில்லையா? அதையும் கோர்ட்டில் சொல்லுங்கள். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியிருக்கிறது.

ஜாமீன் உத்தரவு வந்தும் 7 நாளில் வெளியே வர முடியவில்லையா? சிறை அதிகாரி அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். இவையும் அதே 2023 உத்தரவில் உள்ளவை.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறதா? ஜாமீன்தாருக்குப் பதிலாகப் பணத்தைக் கோர்ட்டில் கட்ட அனுமதி கேட்கலாம். இதற்கு ரசீது உண்டு. ஒழுங்காக வந்து போனால், வழக்கு முடிந்ததும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தரகரிடம் கொடுத்த பணம் திரும்பி வராது.

பணமே இல்லையா? ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது, ஒரு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட அதில் இடம் இருந்தது. பணம் குடும்பத்தின் கையில் வராது. கோர்ட்டில் கட்டப்படும். சில கடுமையான குற்றங்களுக்கு இந்த உதவி கிடையாது.

வக்கீல் இல்லையா? சிறையில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கொடுத்திருக்கிறது. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நீங்கள் ஜாமீன் நின்றால்

உறவினருக்கோ நண்பருக்கோ ஜாமீன் நிற்பது நல்ல காரியம். ஆனால் தெரிந்து நில்லுங்கள்.

பத்திரத்தை முழுதும் படித்துப் பாருங்கள். யாருக்கு, எந்த வழக்கில், எவ்வளவு ரூபாய்க்கு என்று பாருங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள்.

உங்கள் ஆதார் அட்டை, நிலப் பத்திரம், வரி ரசீது ஆகியவற்றின் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள். கொடுக்க வேண்டி வந்தால், எந்த வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை நகலின் மேலேயே எழுதுங்கள். தேதியும் போடுங்கள். பிறகு அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது கடினம்.

இதற்கு முன் யாருக்காவது ஜாமீன் நின்றிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பதுதான் தவறு.

நீங்கள் ஜாமீன் நின்றவர் ஓடிப்போனால், முதலில் கோர்ட் உங்களிடம் விளக்கம் கேட்கும். சரியான காரணம் சொல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும். பணம் வசூலாகவில்லை என்றால் 6 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அவர் போக்கு சரியில்லை என்று தெரிந்தால் முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போங்கள். "என்னை ஜாமீனிலிருந்து விடுவியுங்கள்" என்று மனுக் கொடுக்கலாம். அது உங்கள் உரிமை.

வழக்கு முடிந்த பிறகு, நீங்கள் கொடுத்த பத்திரங்களை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

ஜாமீன் என்பது நம்பிக்கை. அதைக் கடைச் சரக்குபோல விலைக்கு வாங்க முடியாது. கூலிக்கு வந்த ஜாமீன்தார் கைவிட்டால், சிறைக்குத் திரும்புவது நம் வீட்டு ஆள்தான்.

தனிச் சட்டம் என்றைக்கு வந்தாலும் வரட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சொந்த ஜாமீன் கேட்கலாம் என்பதும், தொகையைக் குறைக்கக் கேட்கலாம் என்பதும், இலவச வக்கீல் உண்டு என்பதும் இன்று நமக்குத் தெரியும். இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்கும் சொல்லுங்கள். கோர்ட் வாசலில் கலங்கி நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் செய்தி தெரிந்திருந்தால், தரகர் அங்கே நிற்க மாட்டார்.